வழங்கிப் பாதுகாப்புப் பதிகைகளும் மின்னஞ்சல் விழிப்பூட்டலும்: வள்ளூர் – கும்மிடிப்பூண்டித் தொழில்வட்டாரத்தை முன்வைத்து

ஆய்வுச்சுருக்கம்

வழங்கிக் கணினி தன்னுள் நிகழும் நுழைவுகளையும் மாற்றங்களையும் பதிகையாக எழுதி வைக்கிறது. ஒருவர் தேடிச்சென்று படிக்கும்வரை அப்பதிகை பேசுவதில்லை. குறிப்பிட்ட நிகழ்வு நேர்ந்தவுடன் உரியவருக்கு மடல் செல்லும்படி அமைப்பதே மின்னஞ்சல் விழிப்பூட்டல் ஆகும். இந்திய மின்துறையிலும் அணுமின் துறையிலும் வெளிப்படையாக அறியப்பட்ட நிகழ்வுகளில் எச்சரிக்கை வெளியிலிருந்தே வந்துள்ளது. தேடிவந்து சொல்வார் இல்லாத சிறு தொழிற்கூடங்கள் தம் பதிகையிலிருந்தே எச்சரிக்கை பெற, எந்நிகழ்வுகளைத் தெரிவு செய்தல் வேண்டும், மடல் எவ்வழியே செல்லுதல் வேண்டும், யார் கையில் எம்மொழியில் சேருதல் வேண்டும் என்பவற்றை இக்கட்டுரை விளக்குகிறது.

திறவுச்சொற்கள்: பதிகை, வழங்கி, விழிப்பூட்டல், மின்னஞ்சல், செர்ட்-இன், கும்மிடிப்பூண்டி, வள்ளூர்.

முன்னுரை

எண்ணூரை அடுத்த வள்ளூரில் தேசிய அனல்மின் கழகமும் தமிழ்நாடு மின்வாரியமும் கூட்டாக நிறுவிய அனல்மின் நிலையம் இயங்கி வருகிறது. தலா 500 மெகாவாட் திறனுள்ள மூன்று அலகுகளைக் கொண்ட இந்நிலையத்தின் மின்சாரம் தமிழ்நாட்டிற்கு மட்டுமன்றிப் பிற தென்மாநிலங்களுக்கும் பங்கிடப்படுகிறது. ஆகவே, எந்நேரத்தில் எவ்வளவு மின்சாரம் உற்பத்தி செய்தல் வேண்டும் என்னும் அட்டவணையைப் பெங்களூரில் உள்ள தென்மண்டல மின்சுமைப் பகிர்வு மையம் வகுக்கிறது. 2021 பிப்ரவரி இறுதியில் அமெரிக்காவின் ரெக்கார்டட் ஃபியூச்சர் நிறுவனம் வெளியிட்ட அறிக்கை, இந்திய மின்துறையைக் குறிவைத்த ஊடுருவல்களைப் பட்டியலிட்டது. அப்பட்டியலில் இந்த மையமும் தூத்துக்குடி வ.உ.சிதம்பரனார் துறைமுகமும் இடம்பெற்றன.

மத்திய மின்துறை அமைச்சகம் 2021 மார்ச் 1 அன்று அளித்த விளக்கம், இங்குக் கருதத்தக்க இரு நாள்களைத் தருகிறது. ஷேடோபேட் என்னும் தீநிரல் குறித்துச் செர்ட்-இன் எனப்படும் இந்தியக் கணினி அவசரநிலைச் செயற்குழுவிடமிருந்து 2020 நவம்பர் 19 அன்று ஒரு மின்னஞ்சல் வந்தது. தேசிய முக்கியத் தகவல் உட்கட்டமைப்புப் பாதுகாப்பு மையத்திடமிருந்து 2021 பிப்ரவரி 12 அன்று மற்றொரு மின்னஞ்சல் வந்தது. அவற்றின்மேல் நடவடிக்கை எடுக்கப்பட்டதாகவும் பணிகளுக்குப் பாதிப்பு நேரவில்லை எனவும் அமைச்சகம் தெரிவித்தது.

இதற்கு முன்னரே கூடங்குளம் அணுமின் நிலையத்தின் நிகழ்வு தமிழகத்தில் பேசப்பட்டது. 2019 அக்டோபர் இறுதியில் சமூக ஊடகங்களில் செய்தி பரவியபோது நிலையத்தின் தரப்பு முதலில் அதனை மறுத்தது. அக்டோபர் 30 அன்று இந்திய அணுமின் கழகம் தீநிரல் இருந்ததை ஒப்புக்கொண்டது. இணையத்துடன் இணைந்த நிர்வாகப் பிணையத்தில் இருந்த ஒரு பயனரின் கணினியே பாதிக்கப்பட்டது என்றும், அப்பிணையம் உள்கட்டுப்பாட்டுப் பிணையத்திலிருந்து பிரிக்கப்பட்டது என்றும் கழகம் கூறியது. இதனைச் செர்ட்-இன் செப்டம்பர் 4 அன்று தெரிவித்தது என்பதும் அவ்வறிவிப்பிலேயே காணப்படுகிறது.

இவ்விரண்டிலும் எச்சரிக்கை வெளியாரிடமிருந்து வந்தது. அதன்பின்னரே உள்ளே ஆய்வு நடந்தது. அரசு அமைப்புகள் கவனித்துவரும் பெருநிலையங்களுக்கு இத்தகைய மடல் வந்துசேரும். அதே மாவட்டத்தில், வள்ளூருக்கு வடக்கே கும்மிடிப்பூண்டி சிப்காட்டிலோ திருவள்ளூரை அடுத்த காக்களூர்த் தொழிற்பேட்டையிலோ இயங்கும் ஐம்பது பேர் கொண்ட ஒரு வார்ப்படக் கூடத்திற்கு அத்தகைய மடல் எங்கிருந்தும் வரும் என எதிர்பார்க்க இயலாது. அதன் சர்வரில் உள்ள பதிகை ஒன்றே அதற்குரிய சாட்சி.

சிறு கூடத்தின் சர்வர்

இத்தகைய கூடங்களில் ‘சர்வர்’ எனப்படுவது பெரும்பாலும் அலுவலக அறையின் ஒரு மூலையில் யுபிஎஸ்ஸின் அருகே வைக்கப்பட்ட ஒரே கணினியாகும். டேலி கணக்குகள், வருகைப் பதிவுக் கருவியின் தரவு, வாடிக்கையாளர் அனுப்பிய வரைபடங்கள், இ-வே பில் கோப்புகள் ஆகிய அனைத்தும் அதிலேயே இருக்கும். கணக்காளர் வீட்டிலிருந்து வேலை செய்வதற்காகத் தொலைமேசை வசதி திறந்து வைக்கப்பட்டிருக்கும். கணினியைப் பராமரிப்பவர் ஒப்பந்த அடிப்படையில் அழைத்தால் வருபவர். பதிகையைப் படிப்பது எவருடைய வேலைப் பட்டியலிலும் இல்லை.

இங்கு இருப்பதை யார் திருடப் போகிறார் என்னும் கேள்வி இயல்பாக எழும். 2013ஆம் ஆண்டு அமெரிக்காவின் டார்கெட் பேரங்காடி நிறுவனத்தில் ஏறத்தாழ 4 கோடி பண அட்டைகளின் விவரம் களவுபோனது அதற்கு விடையாகும். ஊடுருவியவர்கள் முதலில் கைப்பற்றியது, டார்கெட்டுக்குக் குளிர்பதனப் பணி செய்துவந்த ஒரு சிறு ஒப்பந்த நிறுவனத்தின் நுழைவுச் சான்றுகளை. கும்மிடிப்பூண்டியின் உதிரிபாகக் கூடங்கள் பல பெருநிறுவனங்களின் கொள்முதல் தளங்களில் கணக்கு வைத்திருப்பதைக் கருதினால் இந்த ஒப்புமையின் வலிமை விளங்கும்.

டார்கெட் நிகழ்வில் மேலும் கசப்பான ஒரு கூறு உண்டு. அந்நிறுவனத்தின் கண்காணிப்புக் கருவி தீநிரலைக் கண்டு எச்சரிக்கை எழுப்பியது. பெங்களூரில் இருந்த கண்காணிப்புக் குழு அதனை மினியாபொலிஸ் தலைமையகத்திற்குத் தெரிவித்தது. அங்கு நடவடிக்கை எடுக்கப்படவில்லை. இறுதியில் டிசம்பர் 12 அன்று அமெரிக்க நீதித்துறை சொல்லித்தான் நிறுவனம் விழித்தது. எனவே விழிப்பூட்டலை அமைத்தல் என்பதை, அனுப்பும் நிரலை எழுதுவதோடு முடிந்துவிடும் வேலையாகக் கொள்ளுதல் பொருந்தாது.

சட்டத்தின் கடிகாரம்

தகவல் தொழில்நுட்பச் சட்டம் 2000இன் 70ஆ பிரிவின்கீழ்ச் செர்ட்-இன் 2022 ஏப்ரல் 28 அன்று வெளியிட்ட நெறிமுறைகள், பட்டியலிடப்பட்ட இணையப் பாதுகாப்பு நிகழ்வுகளை அறிந்த அல்லது அறிவிக்கப்பெற்ற 6 மணி நேரத்திற்குள் தெரிவிக்க வேண்டும் என்கின்றன. பதிகைகள் 180 நாள்களுக்குப் பேணப்பட வேண்டும். கணினிக் கடிகாரங்கள் தேசியத் தகவலியல் மையம் அல்லது தேசிய இயற்பியல் ஆய்வகத்தின் நேர வழங்கிகளோடு ஒத்திசைக்கப்பட வேண்டும். குறு, சிறு, நடுத்தர நிறுவனங்களுக்கு 2022 செப்டம்பர் 25 வரை அவகாசம் தரப்பட்டது, விலக்குத் தரப்படவில்லை.

மூன்றாவது விதி சிறியதாகத் தோன்றினும் பயன் மிகுந்தது. விண்டோஸ் தன் பதிகையை உலகப் பொது நேரத்தில் சேமித்து, திரையில் மட்டும் உள்ளூர் நேரத்தில் காட்டுகிறது. லினக்ஸ் வழங்கிகள் பல பொது நேரத்திலேயே எழுதுகின்றன. இந்திய நேரம் அதனினும் ஐந்தரை மணி நேரம் முந்தியது. பதிகையில் 20.40 என உள்ள நுழைவு உண்மையில் மறுநாள் அதிகாலை 02.10க்கு நேர்ந்ததாகும். இரவுப்பணியின்போது யார் உள்ளே இருந்தார் என வாயிற்காவலரின் நோட்டைப் புரட்டுபவர் முந்தைய மாலைப் பக்கத்தைப் புரட்டினால், குற்றமற்ற ஒருவர்மீது ஐயம் விழும். ஆகவே விழிப்பூட்டு மடலில் இந்திய நேரத்தை வெளிப்படையாக எழுதுதல் இன்றியமையாதது.

பதிகையும் மடலும்

பதிகைக்கும் மின்னஞ்சலுக்கும் இடையிலான உறவு பழையது. இன்று யுனிக்ஸ் வழிவந்த கணினிகள் யாவற்றிலும் காணப்படும் சிஸ்லாக் என்னும் பதிகை முறையை 1980களில் பெர்க்லியில் எரிக் ஆல்மன் உருவாக்கினார். அவர் எழுதிய சென்ட்மெயில் என்னும் அஞ்சல் நிரலின் ஒரு பகுதியாகவே அது பிறந்தது. மடல் அனுப்பும் நிரல் தன் செயல்களைக் குறித்துவைக்க ஏற்பட்ட முறை, பின்னர்க் கணினி முழுமைக்கும் உரியதாயிற்று. அதன் வடிவம் 2009இல் ஆர்எஃப்சி 5424 என்னும் ஆவணத்தில் தரப்படுத்தப்பட்டது.

விழிப்பூட்டல் நான்கு நிலைகளில் அமைகிறது. கணினி நிகழ்வை எழுதுகிறது; கண்காணிக்கும் நிரல் அவ்வரியைக் கண்டுகொள்கிறது; மடல் உருவாகிறது; அஞ்சல் வழங்கி அதனை ஏற்று அனுப்புகிறது. விண்டோஸில் நிகழ்வுக் காட்டியைத் திறந்து ஒரு நிகழ்வின்மேல் பணியொன்றை இணைக்கலாம். முன்பு அங்கேயே மின்னஞ்சல் அனுப்பும் தெரிவு இருந்தது. விண்டோஸ் சர்வர் 2012 முதல் மைக்ரோசாஃப்ட் அதனைக் கைவிடப்பட்ட வசதியாக அறிவித்துவிட்டதால், இன்று அப்பணி ஒரு பவர்ஷெல் நிரலை இயக்கும்படி அமைக்கப்படுகிறது. பவர்ஷெல்லில் வழக்கமாகப் பயன்பட்டுவந்த மடல் கட்டளையையும் அந்நிறுவனம், பாதுகாப்பான இணைப்புக்கு உறுதி தராதது எனக் குறித்துப் பரிந்துரையிலிருந்து நீக்கியுள்ளது. பழைய வழிகாட்டிகளைப் பார்த்து அமைப்போர் இடறும் இடங்கள் இவை இரண்டும். லினக்ஸில் நுழைவுப் பதிகைக் கோப்பைத் தொடர்ந்து படிக்கும் ஃபெயில்டுபேன், நாள்தோறும் தொகுப்புமடல் தரும் லாக்வாட்ச் போன்ற கட்டற்ற நிரல்கள் உள்ளன. பல வழங்கிகளை ஒருங்கே கவனிக்க வாஸு பயன்படுகிறது. கருவியின் தேர்வு இரண்டாம் நிலையதே. எந்நிகழ்வுக்கு மடல் என்பதே முதல் வினா.

எந்நிகழ்வுக்கு மடல்

இணையத்திற்குத் திறந்த தொலைமேசையோ எஸ்எஸ்எச் வாயிலோ உள்ள வழங்கியில், தவறான கடவுச்சொல் முயற்சிகள் நாளொன்றுக்கு ஆயிரக்கணக்கில் பதிவாவது இயல்பு. அவை பெரும்பாலும் தானியங்கி நிரல்களின் வேலை. விண்டோஸில் இதன் நிகழ்வெண் 4625. புதிதாக விழிப்பூட்டல் அமைப்பவர் முதலில் தெரிவு செய்வது இந்த எண்ணையே. எடுத்துக்காட்டாக, நாளுக்கு 3000 முயற்சிகள் எனக் கொண்டால் 29 நொடிக்கு ஒரு மடல் வரும். மறுநாளே பெறுபவர் அம்மடல்களைத் தனி அடைவுக்குத் திருப்பிவிடுவார். அதன்பின் அந்த அடைவு திறக்கப்படாது. எச்சரிக்கை என்னும் சொல்லே, அரசர் அவைக்கு எழுந்தருளும்போது கட்டியக்காரர் எழுப்பிய குரலுக்கு வழங்கியது. நாள் முழுதும் கட்டியம் கூறப்பட்டிருப்பின் அவையோர் எவரும் எழுந்து நின்றிருக்க மாட்டார்.

ஆகவே, அரிதாக நேர்வனவும் நேர்ந்தால் பொருள் உள்ளனவும் ஆகிய நிகழ்வுகளே உடனடி மடலுக்கு உரியவை. அவற்றுள் தலையாயது 1102. பாதுகாப்புப் பதிகை அழிக்கப்பட்டது என்பதைக் குறிக்கும் எண் இது. ஒரு சிறு கூடத்தின் வழங்கியில் பதிகையை அழிப்பதற்கு நேரிய காரணம் ஏறத்தாழ இல்லை. ஊடுருவியவர் தடயத்தைத் துடைக்கும்போது, துடைத்த செயலையே விண்டோஸ் புதிய பதிகையின் முதல் வரியாக எழுதிவிடுகிறது. புதிய பயனர் கணக்கு உருவாவதைக் காட்டும் 4720, உள்ளகக் குழுவொன்றில் ஒருவர் சேர்க்கப்படுவதைக் காட்டும் 4732, தணிக்கைக் கொள்கை மாற்றப்படுவதைக் காட்டும் 4719 ஆகியவையும் இவ்வகையின. 4732ஐ நிர்வாகிகள் குழுவுக்கு மட்டும் வடிகட்டிக் கொள்ளுதல் நன்று. புதிய சேவை நிறுவப்படுவதைக் குறிக்கும் 7045 பாதுகாப்புப் பதிகையில் எழுதப்படுவதில்லை. அமைப்புப் பதிகையில் தேடுதல் வேண்டும்.

தோல்வியுற்ற முயற்சிகளை முற்றிலும் விட்டுவிடுதலும் கூடாது. அவற்றைத் தொகுத்து நாளுக்கு ஒருமுறை எண்ணிக்கையாகப் பெறலாம். ஒரே முகவரியிலிருந்து பல தோல்விகளுக்குப் பின் ஒரு வெற்றி நேர்ந்தால் அது உடனடி மடலுக்கு உரியது. வெற்றி பெற்ற நுழைவு 4624 ஆகும். அதில் நுழைவு வகை 10 எனில் தொலைமேசை வழியே வந்தது. வெற்றி பெற்ற நுழைவைப் பலர் கண்காணிப்பதில்லை என்பது வியப்புக்குரியது. திருடிய கடவுச்சொல்லுடன் வருபவர் எந்தத் தோல்வியையும் பதிகையில் விட்டுச் செல்வதில்லை. கணக்காளரின் பெயரில் இரவு இரண்டு மணிக்கு நேரும் ஒரு நுழைவு, ஆயிரம் தோல்விகளினும் மிகுதியாகச் சொல்லும். ஆண்டுக் கணக்கு முடிக்கும் மார்ச் இறுதியில் இவ்விதியால் சில வீண்மடல்கள் வரும், அதனைப் பொறுத்துக்கொள்ளலாம்.

மடல் செல்லும் வழி

1986இல் அமெரிக்காவின் லாரன்ஸ் பெர்க்லி ஆய்வகத்தில், கணினிப் பயன்பாட்டுக் கணக்கில் 75 சென்ட் பொருந்தாமையைத் துருவிய கிளிஃபோர்ட் ஸ்டோல், அதன்வழி ஓர் ஊடுருவலைக் கண்டறிந்தார். ஊடுருவுநர் வரும்போதெல்லாம் தம்மிடமிருந்த பேஜர் ஒலிக்கும்படி அமைத்தார். இன்றைய விழிப்பூட்டு மடலின் முன்னோடி அது. ஊடுருவுநர் கணினியில் உள்ள மின்னஞ்சல்களைத் தேடிப் படிக்கிறார் என்பது தெரிந்ததால், இவ்விசாரணை பற்றிய செய்திகளை மின்னஞ்சலில் பரிமாறுவதை அவர் குழுவினர் தவிர்த்தனர்.

அந்நுட்பம் இன்றும் பொருந்தும். கண்காணிக்கப்படும் வழங்கியிலேயே அஞ்சல்பெட்டியும் இருந்தால், அல்லது அதே நிர்வாகிக் கணக்கால் திறக்கக் கூடியதாக இருந்தால், ஊடுருவியவரே மடலை முதலில் படித்து நீக்கிவிடுவார். மடல் சேரும் பெட்டி வெளியில், வேறு கடவுச்சொல்லும் இரண்டடுக்குச் சரிபார்ப்பும் கொண்டதாக இருத்தல் வேண்டும். அனுப்புவதற்கென்று தனிக்கணக்கு ஒன்று வேண்டும். முதலாளியின் சொந்த ஜிமெயில் கடவுச்சொல்லை நிரலுக்குள் எழுதி வைப்பது, பூட்டைக் காக்கச் சாவியைப் பூட்டிலேயே தொங்கவிடுவதை ஒக்கும். கூகுள் 2022 மே இறுதியிலிருந்து வெறும் கடவுச்சொல்லால் அனுப்பும் பழைய முறையை நிறுத்திவிட்டதால் பல பழைய நிரல்கள் ஓசையின்றி நின்றுபோயின என்பதும் நினைவிற்குரியது.

வழங்கி தானே நேரடியாக மடல் அனுப்ப முயன்றால் அது எரிதக் கூடையில் விழ வாய்ப்பு மிகுதி. நிறுவனப் பெயரில் மடல் அனுப்ப உரிமை பெற்ற முகவரிகளை எஸ்பிஎஃப் பதிவு வரையறுக்கிறது. பட்டியலில் இல்லாத முகவரியிலிருந்து வருவதைப் பெறும் தரப்பு ஐயத்துடனே நோக்கும். மேலும், பல இணையச் சேவையாளர்கள் 25ஆம் வாயிலை அடைத்து வைத்துள்ளனர். நிறுவனம் முன்பே பயன்படுத்தும் அஞ்சல் சேவையின் 587ஆம் வாயில்வழி, மறைகுறியாக்கத்துடன் அனுப்புவதே உகந்தது. மடலோடு பதிகையின் படியும் வேறொரு கணினிக்குச் செல்லுமாயின், 1102 வந்த பிறகும் அதற்கு முன் நடந்ததைப் படிக்க இயலும்; 180 நாள் விதியும் நிறைவேறும்.

மடல் வராத நாள்

மேற்கூறிய தெரிவு முறையைப் பின்பற்றினால் பல வாரங்கள் மடலே வராது. அவ்வமைதிக்கு இரு பொருள் உண்டு: ஒன்றும் நேரவில்லை, அல்லது அனுப்பும் அமைப்பு செயலிழந்தது. மின்தடை, யுபிஎஸ் கோளாறு, காலாவதியான கடவுச்சொல், 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயலின்போது நேர்ந்தது போன்ற இணையத் துண்டிப்பு ஆகியவை எல்லாம் இரண்டாவதற்குக் காரணமாகலாம். நாள்தோறும் காலை 6 மணிக்கு ஒரு நலமடல் வருமாறு அமைப்பதே இதற்குத் தீர்வு. பழைய தமிழ்க் கடிதங்களின் ‘நலம், நலமறிய ஆவல்’ என்னும் தொடக்கத்திற்கு நிகரான அம்மடலில், முந்தைய நாள் எழுதப்பட்ட பதிகை வரிகளின் எண்ணிக்கையும் வட்டில் எஞ்சிய இடமும் இருந்தால் போதும். நலமடல் வராத நாளில் பராமரிப்பாளரைத் தொலைபேசியில் அழைக்க வேண்டும் என்பது எழுதப்பட்ட விதியாக இருத்தல் வேண்டும். திங்களுக்கு ஒருமுறை, சோதனைக்காக ஒரு பொய்க்கணக்கை உருவாக்கி, 4720 மடல் எத்தனை நிமிடத்தில் யாருடைய கைபேசியில் ஒலிக்கிறது எனப் பார்த்தலும் நன்று.

பெறுநரும் மொழியும்

பராமரிப்பாளர் ஒருவருக்கே மடல் செல்லுமாறு அமைப்பது வழக்கம். அவர் விடுப்பிலோ மற்றோர் ஆலையிலோ இருக்கும்போது 6 மணி நேரம் கழிந்துவிடும். இரவு பத்து முதல் காலை ஆறு வரையிலான சி ஷிஃப்டில் ஆலையில் உள்ளவர் பணி மேற்பார்வையாளர். அவர் கணினி வல்லுநர் அல்லர். ஆனால் சர்வர் இருக்கும் அறையின் சாவி அவரிடம் உள்ளது. எனவே மடலின் ஒரு படி அவருக்கும் சேருதல் வேண்டும். அவர் படிக்கும் மொழியில் அது இருத்தலும் வேண்டும்.

இயல்பாக உருவாகும் விழிப்பூட்டு மடல் ஆங்கிலத்தில், பயனர் அடையாள எண்களும் பதினாறடி எண்குறிகளும் நிறைந்து இருக்கும். அதனைத் தமிழில் ஆக்குவதற்குத் தொழில்நுட்பத் தடை இன்றில்லை. நிரல்கோப்பும் மடலின் உடலும் யுடிஎஃப்-8 குறிமுறையில் இருத்தல் வேண்டும். பொருள்வரி நீளாமல் இருத்தலும் நல்லது. தமிழின் ஒவ்வொரு குறியுருவும் யுடிஎஃப்-8இல் மூன்று பைட்டுகளைக் கொள்வதால், மடல் தலைப்பில் குறிமாற்றம் பெறும்போது வரி பன்மடங்கு நீளும். குறுஞ்செய்தியாகவும் அனுப்ப எண்ணினால் எல்லை இன்னும் குறுகியது: ஆங்கிலத்தில் 160 எழுத்துகள் கொள்ளும் ஒரு செய்தி தமிழில் 70 குறியுருக்களையே கொள்ளும்.

சொல்தேர்விலும் கவனம் தேவை. ‘பதிவு’ என்னும் சொல் பத்திரப் பதிவு, வருகைப் பதிவு, முகநூல் பதிவு எனப் பல பொருளில் வழங்குவதால் இக்கட்டுரை ‘பதிகை’யை ஆள்கிறது. மேற்பார்வையாளருக்குச் செல்லும் மடலிலோ ‘சர்வர் லாக்’ என்பதே விளங்கும். ஆய்வுத் தமிழும் ஆலைத் தமிழும் இவ்விடத்தில் வேறுபடுதல் குறையாகாது. மாதிரிக்கு ஒரு மடல்:

பொருள்: அவசரம் – கணக்குப் பிரிவு சர்வர் – லாக் அழிப்பு
நேரம்: அதிகாலை 02.10 (இந்திய நேரம்)
நடந்தது: சர்வரின் பாதுகாப்பு லாக் முழுவதும் அழிக்கப்பட்டது. செய்த கணக்கு: கணக்காளர்.
செய்ய வேண்டியது: சர்வரின் நெட்வொர்க் கேபிளைக் கழற்றவும். சர்வரை அணைக்க வேண்டாம். பிறகு அறைக்கதவில் ஒட்டியுள்ள எண்ணை அழைக்கவும். கேபிளைக் கழற்றிய நேரத்தை நோட்டில் எழுதவும்.

‘அணைக்க வேண்டாம்’ என்னும் தொடர் இம்மடலின் இன்றியமையாப் பகுதியாகும். ஆபத்து என்றவுடன் சுவிட்சை அணைப்பது ஆலைப் பழக்கம். உருட்டாலையில் அதுவே உயிர்காக்கும். சர்வரை அணைத்தாலோ, அப்போது நினைவகத்தில் ஓடிக்கொண்டிருக்கும் தீநிரலும் அது திறந்து வைத்த இணைப்புகளின் தடயமும் மறைந்துவிடும். கேபிளைக் கழற்றினால் ஊடுருவுநரின் கை அறுபடும், தடயம் எஞ்சும். நோட்டில் எழுதப்படும் நேரம், செர்ட்-இன்னுக்கு அனுப்பும் அறிக்கையில் நிகழ்வு எப்போது அறியப்பட்டது என்னும் கட்டத்தை நிரப்ப உதவும்.